கட்டட ஒப்பந்தத் தொழிலுக்குச் சமூக ஊடகத்தால் உண்மையில் வேலை வருமா?

சாந்துச்சட்டி (கேள்வி):

வணக்கம். 14 ஆண்டுகளாகக் கட்டட ஒப்பந்தத் தொழிலில் இருக்கிறேன். தனி வீடுகளும் சிறிய வணிகக் கட்டடங்களும் கட்டிக்கொடுக்கிறோம். ஆண்டுக்கு 6 வேலைகளுக்கு மேல் எடுத்தால் மேற்பார்வை தளர்ந்துவிடும் என்பதால் அந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறோம். இதுவரை கிடைத்தவை அனைத்தும், முன்பு எங்களிடம் கட்டியவர்கள் தம் உறவினரிடமும் நண்பரிடமும் சொல்லி வந்த வேலைகள்தாம். கடந்த ஓராண்டாக அந்த வரத்து குறைந்திருக்கிறது. ஒரு கட்டடம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று இடைவெளி விழுகிறது. ஆட்களைக் கலைத்துவிட்டால் நல்ல கொத்தனார்களும் கம்பி கட்டுபவர்களும் மறுபடி கிடைப்பதில்லை. வேலையில்லாமல் வைத்துக்கொண்டால் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை.

ஆகவே 8 மாதங்களுக்கு முன் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நிறுவனத்தின் பெயரில் பக்கம் தொடங்கினோம். முடிந்த கட்டடங்களின் முகப்புப் படங்கள், முப்பரிமாண வடிவமைப்புப் படங்கள், அவ்வப்போது வாழ்த்துச் செய்திகள் என்று வாரத்துக்கு மூன்று பதிவுகள் தவறாமல் போடுகிறோம். பின்தொடர்பவர்கள் 3,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் அவர்கள் யார் என்று பார்த்தால் கட்டடவியல் மாணவர்கள், சக ஒப்பந்ததாரர்கள், டைல்ஸும் பெயின்ட்டும் விற்பவர்கள். வரும் செய்திகளில் பெரும்பாலானவை 'சதுர அடி என்ன விலை?' என்ற ஒற்றை வரிதான். விலையைச் சொன்னால் அத்துடன் மறைந்துவிடுகிறார்கள். இந்தப் பக்கங்களின் வழியாக வந்து ஒப்பந்தம் போட்டவர் என்று இன்றுவரை ஒருவரும் இல்லை.

மாதந்தோறும் ஒரு தொகை கட்டினால் இத்தனை விசாரணைகளைத் தருகிறோம் என்று ஒரு விளம்பர நிறுவனம் கேட்டுக்கொண்டிருக்கிறது. கட்டலாமா? அல்லது நாங்கள் போடும் பதிவுகளிலேயே தவறு இருக்கிறதா? எங்களைப் போன்ற அளவுள்ளவர்கள் எந்தத் தளத்தில் உழைப்பைப் போடுவது தகும்? அனுபவத்திலிருந்து சொல்பவர்களுக்கு நன்றியுடையவனாக இருப்பேன்.

தூக்குக்குண்டு:

உங்கள் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஆண்டுக்கு 6 வேலைகள்தாம் எடுப்பீர்கள் என்றால், அமர்ந்து பேசும் 5 பேரில் ஒருவர் ஒப்பந்தத்துக்கு வருவதாக வைத்துக்கொண்டாலும், ஆண்டு முழுவதற்கும் 30 நல்ல விசாரணைகள் போதும். அந்த 30 பேர் உங்கள் பக்கத்தில் என்ன தேடுவார்கள் என்பதை விட்டுவிட்டு, 3,000 பேர் எதை விரும்புவார்கள் என்று பார்த்துப் பதிவு போட்டிருக்கிறீர்கள். முகப்புப் படத்துக்கு விருப்பக்குறி போடுவது மாணவனுக்கும் எளிது, டைல்ஸ் விற்பவருக்கும் எளிது. வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுக்கப்போகிறவர் அந்தப் படத்தைப் பார்த்து எதை முடிவு செய்வார்? முகப்பு அழகு கட்டடக்கலைஞரின் கைவண்ணம். முப்பரிமாணப் படமோ கணினியின் வேலை. ஒப்பந்ததாரரின் தரத்தை அவற்றில் எங்கே பார்ப்பது?

நம் தொழிலில் தரம் என்பது பெரும்பாலும் மூடப்பட்டுவிடும் இடத்தில்தான் இருக்கிறது. கம்பியைக் காங்கிரீட் மூடிவிடும், காங்கிரீட்டைப் பூச்சு மூடிவிடும், குளியலறையின் நீர்க்காப்புப் பூச்சை டைல்ஸ் மூடிவிடும். வீடு கட்டுபவருக்கு இரவில் தூக்கம் வராமல் செய்வதும் அந்த மூடிய இடங்கள்தாம். மூடுவதற்கு முன் அவற்றைப் படமெடுத்து, என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று எழுதுங்கள். என் பக்கத்தில் நான் செய்த மாற்றம் இது ஒன்றுதான்.

ஒரு பதிவை அப்படியே விவரிக்கிறேன். தூணும் பீமும் சேரும் இடத்தில், நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளுக்கு நடுவே அளவுநாடாவை நீட்டிப் பிடித்து, நாடாவில் 100 மில்லிமீட்டர் என்ற கோடு தெளிவாகத் தெரியும்படி கைபேசியை அருகில் வைத்து எடுத்த படம் அது. அடுத்த படத்தில் ரிங்கின் முனைக் கொக்கி 135 பாகை வளைந்து தூணின் உட்புறம் நோக்கிப் போயிருப்பது தெரியும். மூன்றாவதில், கம்பிக்கும் சென்ட்ரிங் (காங்கிரீட்டை ஊற்றும் அச்சு) பலகைக்கும் இடையே, இடைவெளிக்காகச் செருகிய சிறு கட்டையான கவர் பிளாக். கீழே இவ்வளவுதான் எழுதினேன்: 'இந்தச் சந்திப்பில் ரிங்குகள் நெருங்கியிருக்க வேண்டும் என்பது கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடம். கொக்கியை 90 பாகையோடு விட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் நில அதிர்வில் மேல் காங்கிரீட் உதிரும்போது ரிங் விரிந்துவிடும். கவர் பிளாக் இல்லாவிட்டால் கம்பி பலகையை ஒட்டிப் படுத்துவிடும், சில ஆண்டுகளில் துருவேறி உப்பிக் காங்கிரீட்டை வெடிக்கச் செய்யும்.' விருப்பக்குறிகள் 19 மட்டுமே கிடைத்தன. ஆனால் 3 மாதம் கழித்து என்னிடம் வந்த ஒருவர், கைபேசியில் அந்தப் பதிவைத் திறந்து காட்டி, 'எங்கள் வீட்டிலும் இதைப் படமெடுத்துத் தருவீர்களா?' என்று கேட்டார். விலையைப் பற்றி அவர் பேசியது அதற்குப் பிறகுதான்.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலையில் சென்ட்ரிங்கைப் பிரித்தபோது ஒரு தூணின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தேன்கூடு போல ஓட்டைகள் தெரிந்தன. பலகை இடுக்கு வழியாகச் சிமென்ட் பால் ஒழுகியதும், காங்கிரீட்டை அதிர்த்துக் கெட்டிப்படுத்தும் வைப்ரேட்டர் ஊசி அடிப்பகுதி வரை போகாததும் காரணம். உரிமையாளரை அழைத்துக் காட்டினோம், பொறியாளர் வந்து பார்த்தார், அவர் சொன்னபடி தளர்ந்த பகுதியைக் கெட்டியான காங்கிரீட் தட்டும்வரை கொத்தி எடுத்து, கழுவி, சுருங்காத கிரவுட் கலவையால் நிரப்பினோம். உரிமையாளரின் சம்மதத்தோடு அதை முதலிலிருந்து கடைசிவரை பதிவிட்டேன். 'தன் குறையைத் தானே ஊருக்குச் சொல்கிறான்' என்று சக ஒப்பந்ததாரர்கள் சிரித்தார்கள். ஓரிரு வாரம் எனக்கும் செய்தது தவறோ என்றுதான் இருந்தது. ஆனால் அதன்பின் வந்து பேசியவர்களில் பலர் எடுத்த எடுப்பில் குறிப்பிட்டது அந்தப் பதிவைத்தான். தேன்கூடு எங்கும் வரக்கூடியது என்பது பத்து இடம் விசாரித்தவர்களுக்குத் தெரியும். வந்தால் அதைப் பூசி மறைப்பவர் யார், கூப்பிட்டுக் காட்டுபவர் யார் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது.

இது புதிய உத்தியும் அன்று. ஸ்காட்லாந்தின் டே பாலம் 1879-இல் புயலில் சரிந்து ரயிலோடு ஆற்றில் விழுந்தபின், அதே நாட்டில் ஃபோர்த் பாலத்தை வடிவமைத்த பொறியாளர்களில் ஒருவரான பெஞ்சமின் பேக்கர் 1887-இல் ஒரு சொற்பொழிவில் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். இரண்டு பேர் நாற்காலிகளில் அமர்ந்து கைகளை நீட்டிக் கோல்களைப் பிடித்திருக்க, அவர்கள் நடுவே ஒரு பலகையில் கைச்சி வதனபே என்ற ஜப்பானியப் பொறியாளர் தொங்கியபடி அமர்ந்திருப்பார்; வெளிப்பக்கங்களில் எதிர்ப்பாரமாகச் செங்கல் கட்டுகள். இரும்புக்குள் ஓடும் இழுவிசையையும் அமுக்கவிசையையும் மனிதக் கையை வைத்துக் காட்டிவிட்டார். பாலங்களின் மேல் நம்பிக்கை இழந்திருந்த மக்களுக்கு, கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிப் புரியவைத்த படம் அது. கைபேசி வைத்திருக்கும் நாம் அதில் பத்தில் ஒரு பங்காவது செய்யலாம்.

மூலைமட்டம்:

நான் இந்தத் தொழிலில் இருப்பவள் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டியவள். வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து நடந்ததைச் சொல்கிறேன், பயன்படுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏழு மாதம் ஒரு வார்த்தையும் பேசாமல் ஐந்து நிறுவனங்களின் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். விருப்பக்குறி போடவில்லை, கருத்து எழுதவில்லை, பின்தொடரவும் இல்லை. உங்கள் பக்கத்துக்கும் என்னைப் போல் வந்து போகிறவர்கள் இருக்கலாம். உங்கள் எண்ணிக்கையில் அவர்கள் தெரியமாட்டார்கள். ஐந்து பெயர்களில் மூன்று தெரிந்தவர்கள் சொன்னவை. பரிந்துரை கேட்டவுடன் நான் செய்த முதல் வேலை அந்தப் பெயரைத் தேடிப் பார்த்ததுதான். ஆகவே 'பரிந்துரையால் வந்த வேலை' என்றும் 'சமூக ஊடகத்தால் வந்த வேலை' என்றும் நீங்கள் இரண்டாகப் பிரித்து எண்ணுவது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. என் அண்ணி ஒரு பெயரைச் சொன்னார், பக்கத்தைத் திறந்தேன், இரண்டு ஆண்டுகளாக ஒரு பதிவும் இல்லை, அந்த நிறுவனம் இன்னும் நடக்கிறதா என்றே ஐயம் வந்துவிட்டது. அழைக்கவில்லை. அந்த ஒப்பந்ததாரருக்குத் தம் பக்கத்தால் ஒரு வேலை போனது என்பது இன்றுவரை தெரியாது.

முடிந்த வீடுகளின் படங்களை வேகமாகத் தள்ளிவிட்டேன். எல்லாரிடமும் அவை ஒன்றுபோல் இருந்தன. ஒரே வீட்டை அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து வண்ணம் பூசியது வரை தொடர்ந்து காட்டியவர்கள் இரண்டு பேர்தாம். அவர்களில் ஒருவரின் படத்தில், தளத்தின் விளிம்பில் தலைக்கவசமோ இடுப்புவாரோ இல்லாமல் ஓர் ஆள் நின்றிருந்தார். அடுத்தடுத்த படங்களிலும் அப்படித்தான். அவரை விட்டுவிட்டேன். ஆள் விழுந்தால் என் வீட்டில் விழுவார் என்ற அச்சம் ஒரு பக்கம், இதில் கவனமில்லாதவர் வேறு எதில் கவனமாக இருப்பார் என்ற எண்ணம் இன்னொரு பக்கம்.

மற்றவரைத் தேர்ந்ததற்கு ஒரு சிறிய பதிவுதான் காரணம். தளம் போட்ட அன்று, வலிமையைச் சோதிக்க எடுத்த 150 மில்லிமீட்டர் காங்கிரீட் கனசதுர மாதிரிகளின் படத்தைப் போட்டிருந்தார். அதன் கீழே 7-ஆம் நாள் சோதனை முடிவை எழுதி, முழு வலிமை இன்னும் வரவில்லை, 28-ஆம் நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று குறித்திருந்தார். ஒரு மாதம் கழித்து, யாரும் கேட்காமலே, அதே இடத்துக்குத் திரும்பி வந்து 28-ஆம் நாள் முடிவையும் எழுதியிருந்தார். எனக்கு அந்த எண்கள் விளங்கவில்லை. சொன்னதை நினைவில் வைத்துத் திரும்பி வந்தார் என்பது விளங்கியது.

இன்னொன்று, குறை சொல்லி எழுதப்பட்ட கருத்துகளுக்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்று தேடித் தேடிப் படித்தேன். கட்டும்போது நானும் ஒருநாள் குறை சொல்லத்தானே போகிறேன்.

ரசமட்டம்:

முன்னவர்கள் எதைப் போடுவது என்று சொல்லிவிட்டார்கள். எங்கே போடுவது, பணம் கட்டலாமா என்ற கேள்விகளுக்கு நான் பதில் சொல்கிறேன். கட்டுமான நிறுவனங்களுக்கு வணிக வளர்ச்சிப் பணி செய்பவன் என்ற முறையில், இதில் எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு.

முதலில் விளம்பர நிறுவனம். 'இத்தனை விசாரணைகள்' என்று எண்ணிக்கையை உறுதி சொல்பவர்கள் பெரும்பாலும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தோடு இணைந்து வரும் உடனடிப் படிவத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் பயனரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அவருடைய கணக்கிலிருந்து தாமாகவே நிரம்பிவிடும். விரலால் இரண்டு முறை தொட்டால் படிவம் உங்களிடம் வந்து சேர்ந்துவிடும். நீங்கள் அழைக்கும்போது, தாம் படிவம் நிரப்பியதே நினைவில்லாதவர் பாதிப்பேர். ஐந்நூறு பொருள்களை விற்பவருக்கு இது கட்டுப்படியாகலாம். ஆண்டுக்கு 6 வீடு கட்டுபவரின் நேரத்தை இது தின்றுவிடும். விளம்பரம் செய்வதாகவே இருந்தால், படிவத்தில் கேள்விகளைக் கூட்டுங்கள்: மனை கைவசம் இருக்கிறதா, வரைபட அனுமதி எந்த நிலையில் இருக்கிறது, எப்போது தொடங்க எண்ணம், ஏறத்தாழ என்ன அளவில் செலவு செய்ய நினைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும் வகைப் படிவமும் இருக்கிறது, அதையே தேர்ந்தெடுங்கள். எண்ணிக்கை வெகுவாகக் குறையும், அழைத்தால் பேசுவார்கள். உங்கள் ஆட்கள் போய்வரக்கூடிய தூரத்துக்குள் விளம்பரத்தைக் கட்டுப்படுத்துவதும், முன்பே உங்கள் பக்கத்துக்கு வந்து போனவர்களுக்கு மட்டும் மறுபடி காட்டுவதும் பணத்தை மிச்சப்படுத்தும். ஆனால் தூக்குக்குண்டு சொன்னது போன்ற பதிவுகள் ஒரு 30 சேரும்வரை விளம்பரத்துக்கு ஒரு காசும் செலவிடாதீர்கள் என்பதே என் கருத்து. விளம்பரத்தைப் பார்த்து வருபவர் அடுத்த நிமிடம் பக்கத்தைத்தான் திறப்பார். அங்கே வாழ்த்து அட்டைகள் இருந்தால் கட்டிய பணம் வீண்.

சமூக ஊடகத் தளங்களைப் பற்றி. இன்ஸ்டாகிராமில் இன்று போட்ட பதிவு சில நாள்களில் அடியில் போய்விடும். 2005-இல் தொடங்கிய யூடியூப் அப்படியன்று. அது தேடுபொறி போலச் செயல்படுகிறது. 'மாடித் தளத்தில் நீர்க்கசிவு ஏன் வருகிறது' என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் நீங்கள் போட்ட எட்டு நிமிடக் காணொளியை, இன்று தன் வீட்டில் ஓதம் கண்டவர் தேடி எடுத்துப் பார்ப்பார். மாதம் ஒன்று போட்டாலும் போதும், முகம் காட்டிப் பேச வேண்டும் என்பதுகூட இல்லை. வேலையைக் காட்டிக் குரலில் விளக்கினால் போதுமானது. அதே காணொளியிலிருந்து ஒரு நிமிடத் துண்டுகளை வெட்டி இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் போடலாம். 2012-இல் ஃப்ரெட் மில்ஸ் தொடங்கிய 'தி பி ஒன் எம்' என்ற கட்டுமானக் காணொளித் தடத்தைப் பார்த்துவிட்டு, அதைப் போல் செய்ய வேண்டும் என்று என்னிடம் வருபவர்கள் உண்டு. அது ஓர் ஊடக நிறுவனம். பார்வையாளர்களே அதன் பிழைப்பு. நமக்குப் பிழைப்பு வேறு என்பதை மறந்துவிடக் கூடாது.

வணிகக் கட்டடங்களும், பெரிய நிறுவனங்களிடமிருந்து உள் ஒப்பந்தங்களும் வேண்டுமானால் லிங்க்ட்இன்தான் இடம். 2003 முதல் இருக்கும் அந்தத் தளத்தை நம் தொழிலில் பலர் வேலை தேடும் பலகையாகவே நினைக்கிறார்கள். கட்டடக்கலைஞர்கள், திட்ட மேலாளர்கள், தொழிற்சாலைகளின் பராமரிப்பு அலுவலர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். அங்கே நிறுவனப் பக்கத்தைவிட உங்கள் சொந்தப் பெயரிலுள்ள கணக்கு எழுதுவதையே மனிதர்கள் படிப்பார்கள். குறுகிய மனையில் பக்கத்துக் கட்டடத்துக்கு ஊறு வராமல் அடித்தளம் தோண்டியது எப்படி, ஓடிக்கொண்டிருக்கும் கடையை மூடாமல் மேல்மாடி கட்டியது எப்படி என்று எழுதுங்கள். அந்த வேலையின் கட்டடக்கலைஞரையும் பொறியாளரையும் பெயர் சொல்லிப் பாராட்டி எழுதினால், அவர்களுடைய வட்டத்துக்கும் அது போய்ச் சேரும்; நம் தொழிலில் வேலை கைமாறுவது அந்த வட்டங்களுக்குள்தான்.

கூகுளில் உங்கள் நிறுவனத்தின் வணிக விவரப் பக்கத்தைச் சரிசெய்யுங்கள். அதைச் சமூக ஊடகம் என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் உங்கள் பெயரைத் தேடுபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். வீட்டை ஒப்படைத்த வாரத்திலேயே உரிமையாளரிடம் மதிப்புரை கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் எழுதமாட்டார்கள். மதிப்புரைக்குப் பணமோ தள்ளுபடியோ கொடுக்காதீர்கள், அது கூகுளின் விதிகளுக்கே எதிரானது.

'சதுர அடி என்ன விலை?' என்பவரைப் பற்றிக் கோபப்பட வேண்டாம். வேறு எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் விரைவுப் பதில் என்ற வசதி இருக்கிறது. அதில் நான்கு வரிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: அந்த விலையில் எவையெல்லாம் அடங்கும், எவை அடங்கா என்று ஒரு தாள் அனுப்புகிறோம், மண்ணின் தன்மையையும் மாடிகளின் எண்ணிக்கையையும் பொறுத்து அது மாறும், உங்கள் மனையின் அளவு என்ன, எப்போது தொடங்க நினைக்கிறீர்கள் என்று. பத்துப் பேருக்கு அனுப்பினால் இரண்டு பேர் பதில் தருவார்கள். அந்த இருவரிடம் பேசினால் போதும். அந்தச் செயலியிலேயே ஒவ்வொருவர் பெயரிலும் 'மனை பார்த்தாயிற்று', 'மதிப்பீடு கொடுத்தாயிற்று' என்று முத்திரை ஒட்டிவைக்கலாம். ஒரு கவனம்: ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்றாலும், உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும்.

சாந்துச்சட்டி:

மூவருக்கும் மிக்க நன்றி. மூலைமட்டம் அவர்கள் எழுதியதைப் படித்தபின், சென்ற ஆண்டு பரிந்துரையால் வந்த இரண்டு உரிமையாளர்களை அழைத்துக் கேட்டேன். இருவருமே எங்களைத் தொடர்புகொள்ளும் முன் எங்கள் பக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர், 'நிறைய வீடுகள் இருந்தன, ஆனால் எல்லாம் நீங்கள் கட்டியவைதாமா என்று ஐயமாக இருந்தது, அதனால்தான் இரண்டு வீடுகளை நேரில் காட்டச் சொன்னேன்' என்றார். முப்பரிமாணப் படங்களையும் உண்மைப் படங்களையும் கலந்து போட்டதன் விளைவு இது. என் கணக்கே தவறு என்பது இப்போது புரிகிறது.

இரண்டு ஐயங்கள் மீதி இருக்கின்றன. வேலை நடக்கும் வீட்டின் உட்புறத்தைப் படமெடுத்துப் போட எல்லா உரிமையாளர்களும் ஒப்புக்கொள்வார்களா? இன்னொன்று, நாள் முழுவதும் தளத்தில் நிற்கும் எங்களுக்கு இதையெல்லாம் எடுத்து எழுத நேரம் ஏது?

அளவுநாடா:

அளவுப் பட்டியலும் பில்லும் தயாரிப்பது என் வேலை. ஒப்பந்தத் தகராறுகளையும் சில பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் ஐயத்துக்கு மட்டும்.

சம்மதத்தை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தி சேருங்கள்: வேலையின் படங்களை நிறுவனம் பயன்படுத்தலாமா, உட்புறம் உண்டா, குடியேறிய பிறகும் உண்டா, உரிமையாளர் சொன்னால் எத்தனை நாளில் நீக்க வேண்டும் என்று. மறுப்பவரை வற்புறுத்த வேண்டாம். வேலை நடக்கும்போது எடுக்கும் கம்பி, காங்கிரீட், குழாய்ப் படங்களுக்கு யாரும் அவ்வளவாக மறுப்பதில்லை. படுக்கையறையும் பணப்பெட்டி வைக்கும் இடமும் தெரிவதைத்தான் மறுப்பார்கள், அது நியாயமும்கூட. முகவரி, கதவு எண், தெருப்பெயர்ப் பலகை, உரிமையாளரின் வாகன எண் ஆகியவை படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசியில் எடுக்கும் படக் கோப்பிலேயே எடுத்த இடத்தின் குறிப்பு பதிவாகியிருக்கக்கூடும். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் அதுவும் கூடவே போகும். அந்த அமைப்பை அணைத்துவிடுவது நல்லது. கம்பியும் மின்கம்பிச் சுருள்களும் அடுக்கி வைத்திருக்கும் கிடங்கைப் படமெடுத்துப் போடுவது, திருட வருபவருக்கு வழி சொல்வதற்குச் சமம்.

வரைபடம் கட்டடக்கலைஞரின் உடைமை. அவரைக் கேட்காமல் முழு வரைபடத்தையும் போடக் கூடாது. தொழிலாளர்களின் முகம் தெரிந்தால் அவர்களையும் கேளுங்கள். நான் பார்த்தவரை, தாம் கட்டிய சுவருக்கு முன் நிற்கச் சொன்னால் கொத்தனார்கள் மகிழ்ச்சியோடு நிற்கிறார்கள். பெயரையும் போடச் சொல்கிறார்கள். முப்பரிமாணப் படத்தின் மேலேயே 'வடிவமைப்புப் படம்' என்று எழுதிவிடுங்கள்.

தேதியோடு வெளியான படம் நாளைக்கு உங்களுக்கே எதிரான சான்றாகவும் நிற்கும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு நிறுவனம், காங்கிரீட் வலுப்பெறத் தளத்துக்கு 10 நாள் தண்ணீர் கட்டி வைத்ததாகப் பில்லோடு எழுதிக் கொடுத்திருந்தது. அதன் சொந்தப் பக்கத்தில் 4-ஆம் நாள் போட்ட படத்தில் அதே தளம் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. உரிமையாளர் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து எதிரே அமர்ந்தபோது, பேச அவர்களிடம் ஒன்றும் இல்லை. ஆகையால் தூக்குக்குண்டு சொல்லும் வழி, வேலையை அப்படியே செய்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

தூக்குக்குண்டு:

நேரத்தைப் பற்றிய ஐயத்துக்கு. தனியாக ஒரு வேலையாக இதை வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் நின்றுவிடும். எனக்கும் முதல் முறை அப்படித்தான் நின்றது. காங்கிரீட் போடுவதற்கு முன் கம்பியைச் சரிபார்க்க எப்படியும் தளத்தைச் சுற்றி வருகிறீர்கள் அல்லவா, அந்தச் சுற்றிலேயே உங்கள் மேற்பார்வையாளர் ஆறு படங்கள் எடுக்கட்டும்: இரண்டு தூரத்திலிருந்து, நான்கு அருகிலிருந்து அளவுநாடாவோடு. அன்றிரவே அவை உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் போகட்டும். அவருக்கு எப்படியும் அனுப்ப வேண்டியவைதாம். அவருக்கு நீங்கள் எழுதும் நாலு வரி விளக்கமே, அவர் பெயரையும் இடத்தையும் எடுத்துவிட்டால், மறுநாள் பதிவு. வாரத்துக்கு ஒன்று போதும், மூன்று வேண்டாம்.

இன்னொன்றும் செய்யுங்கள். அழைக்கும் ஒவ்வொருவரிடமும் 'எங்கள் பெயரை முதலில் எங்கே கேட்டீர்கள், அழைப்பதற்கு முன் எதைப் பார்த்தீர்கள்' என்று இரண்டு கேள்விகளைக் கேட்டு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஓராண்டு கழித்து அந்த நோட்டைப் பார்த்துவிட்டு விளம்பர நிறுவனத்துக்குப் பதில் சொல்லலாம்.

சாந்துச்சட்டி:

வரும் வியாழக்கிழமை ஒரு வேலையில் தளக் காங்கிரீட் இருக்கிறது. புதன்கிழமை மாலை கம்பி பார்க்கும்போதே தொடங்கிவிடுகிறேன். உரிமையாளரிடம் இன்று பேசினேன். 'படம் எடுங்கள், ஆனால் எனக்கு முதலில் அனுப்பிவிட்டுப் போடுங்கள்' என்றார்.

மூலைமட்டம்:

தளத்தின் விளிம்பில் நிற்பவர்களுக்குத் தலைக்கவசத்தையும் இடுப்புவாரையும் மறக்காதீர்கள்.